அப்பாவின் இதயத்துக்கு எஃப்.சி.

எங்கப்பா அன்பழகன் தன் இதயத்துக்கு எஃப்.சி. எடுத்துவிடுவது என்று முடிவு செய்தார். சொந்த இதயத்தைக் கொண்டுபோகாமலே.

லாரித் தொழில் தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. லாரி ரோட்டில் ஓட லாயக்கா என்று அதிகாரி சோதித்துத் தரும் தகுதிச் சான்றுதான் எஃப்.சி. எங்கள் நாமக்கல்லில் குழந்தைகள் 'அம்மா'வுக்கு அடுத்தபடியாகக் கற்றுக்கொள்ளும் வார்த்தை. டயர் மொட்டையாக இருந்தால் வண்டி பாஸ் ஆகாது. அதனால் மொட்டை டயர்க்காரர்கள் சிலர் நண்பனின் லாரியிலிருந்து நல்ல டயரைக் கழற்றி மாட்டிக்கொண்டு போவார்கள். பாஸ் ஆனதும் திருப்பி மாட்டிவிடுவார்கள். அப்பா லாரிக்கு பாடி கட்டுகிறவர். அவர் பட்டறை மூலையில் இப்படி வண்டி வண்டியாக ஏறி இறங்கிய டயர் செட் ஒன்று எப்போதும் சாய்ந்து கிடக்கும். அந்த டயர்கள் பாஸ் ஆன அளவுக்கு எங்கள் வகுப்பில் யாரும் பாஸ் ஆனதில்லை.

நான் வளவன். பிளஸ் டூ. போன வருஷம் குரல் உடைந்தது. உடைந்த துண்டுகளை வைத்து நாலைந்து பேர் குரலைச் செய்துகொண்டேன். தலைமை ஆசிரியர், பஸ் கண்டக்டர், பக்கத்து வீட்டு மிக்ஸி, அப்பா. அப்பாதான் சுலபம். தொண்டைக்குள் கொஞ்சம் ஜல்லியைக் கொட்டிக்கொண்டு பேசினால் போதும்.

விஷயத்துக்கு வருகிறேன். ஒரு மத்தியானம் தார்ப்பாயைத் தோளில் போட்டுக்கொண்டு ஏணியில் ஏறிய அப்பா பாதியில் நின்றுவிட்டார். நெஞ்சில் கை வைத்தார். அந்த நேரம் பார்த்து அம்மா டீயோடு வந்தாள்.

"என்னங்க பண்ணுது?"

"காஸு."

"காஸுக்கு ஏனுங்க இப்படி வேர்க்குது?"

"வெய்யலு."

"கைய எதுக்கு ஒதறுறீங்க?"

"ஈ ஒக்காந்துது."

எங்கள் பெரியப்பா கடைசியாகச் சொன்ன வார்த்தையும் 'காஸு'தான். அப்போது அவருக்கு வயது நாற்பத்தெட்டு. அப்பாவுக்கு இந்த ஆவணியில் நாற்பத்தெட்டு. அம்மாவுக்குக் கணக்கு நன்றாக வரும்.

அன்று சாயந்திரமே ஒரு ஸ்கேன் சென்டரில் பேசிவிட்டாள்.

"திங்கக்கெழம காத்தால. வெறும் வயித்துல போகோணும். டிரெட்மில்லுல ஓடச் சொல்லுவாங்களாமா. நானும் கூட வாரேன்."

"நீ எதுக்கு புள்ள? வளவன் வரட்டும்."

அப்பா என்னை வலியக் கூட்டிப்போன இடம் என்று உலகத்தில் எதுவும் கிடையாது. அம்மா என்னைப் பார்த்தாள். நான் ஃபேனைப் பார்த்தேன்.

அப்பாவுக்குப் பயம். அதைச் சொல்ல மாட்டார். "டெஸ்டுன்னு போனா எதையாச்சும் எளுதிக் குடுப்பான். போகலைன்னு வெய்யி, அது இல்லவே இல்ல" என்பது அவருடைய மருத்துவ அறிவு. மறுநாள் பட்டறையில் மூலை டயரையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சின்னுசாமி மாமாவுக்கு போன் போட்டார்.

சின்னுசாமி மாமா அப்பாவோடு ஒரே பெஞ்சில் படித்தவர். எருமப்பட்டிப் பக்கம் கோழிப்பண்ணை வைத்திருக்கிறார். விடிந்ததிலிருந்து கூண்டு வரிசைகளுக்கு நடுவே நடந்து நடந்து விலா எலும்பு ஒவ்வொன்றும் தனித்தனியாக வணக்கம் சொல்லும். அப்பா அவரை என் முன்னால் நிறுத்தி, ஒரு சுற்று சுற்றிக் காட்டினார்.

"பாடியப் பாரு சாமி. எங்காச்சும் ஒரு சொட்டுக் கொளுப்பு தெரியுதா?"

"இல்லீங்கப்பா."

"சேஸிஸ் எப்படி நேரா நிக்குது பாரு. இது எந்த டெஸ்டுல ஃபெயிலாவும்?"

இருபத்தைந்து வருஷமாக வெளியே பலகை அடித்து, பெயின்ட் அடித்து, பின்பக்கம் மயில் வரைந்த மனிதர். பாடியை மட்டுமே பார்த்துப் பழகியவர். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

"மாப்ள, உனக்காவ ஓட மாட்டனா?" என்றார் மாமா. "எத்தன கிலோமீட்டருன்னு மட்டும் சொல்லு."

"நீ இதுக்கு முன்னால டெஸ்ட் எடுத்திருக்கியா?"

"எம்பட பண்ணைக்கு டாக்டர் வருவாரு. கோழியப் பாப்பாரு, போயிருவாரு. என்னைய எதுக்குப் பாக்கறாரு?"

எனக்கு ஒதுக்கப்பட்ட வேலை அப்பாவின் போனைக் கையில் வைத்துக்கொண்டு மாமாவோடு போவது. அம்மா கூப்பிட்டால் அப்பாவாகப் பேசுவது. வாழ்க்கையில் முதல் தடவையாக என் திறமையை வீட்டில் மதித்தார்கள். நான் ஒத்திகைகூடப் பார்த்தேன்.

திங்கட்கிழமை. மாமாவின் நெஞ்சில் முடியை மழித்து, ஒட்டுகிற பட்டன்களை வரிசையாக ஒட்டி, வயர் மாட்டினார்கள். "அன்பழகன்" என்று கூப்பிட்டபோது மாமா அசையவில்லை. நான் இடுப்பில் கிள்ளியதும் "நாந்தானுங்க, நாந்தானுங்க" என்று இரண்டு தடவை எழுந்தார். டிரெட்மில் பட்டை ஓட ஆரம்பித்தது. மாமா கூண்டு வரிசையில் நடக்கிற மாதிரியே ஜம்மென்று நடந்தார். அப்போது போன் அடித்தது. அம்மா.

கதவோரம் ஒதுங்கித் தொண்டையில் ஜல்லியைக் கொட்டிக்கொண்டேன். மூச்சு வாங்கினேன்.

"ம்... சொல்லு புள்ள."

"ஓடறீங்களா?"

"ஓடீட்டுத்தான்... இருக்கறன்."

"நெஞ்சு ஏதாச்சும் பண்ணுதா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்ல. நல்லாத்தான் இருக்கறன்."

குரல் அச்சு அசல். எனக்கே புல்லரித்தது. அதோடு வைத்திருக்கலாம். நல்ல நடிகனுக்குக் கூடுதலாக ஒரு வசனம் பேசாமல் இருக்க முடியாது. சேர்த்தேன்.

"நீ சாப்ட்டியா மைதிலி?"

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. பிறகு "ம்" என்று மட்டும் வந்தது. போன் வைக்கப்பட்டது. நான் வெற்றியோடு திரும்பினேன்.

பட்டை மேட்டில் ஏறுகிற மாதிரி சாய்ந்திருந்தது. மாமா முகம் சுண்ணாம்பாக இருந்தது. டாக்டர் தனப்பிரியா திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நிறுத்துங்க. உக்காருங்க. நெஞ்சு அடைக்குதா?"

"காஸுங்க."

டாக்டர் மாமாவுக்கு நாக்கடியில் வைக்க ஒரு மாத்திரை கொடுத்து, படுக்கவைத்து, கொஞ்சம் தெளிந்ததும் பிளாஸ்டிக் இதயம் ஒன்றை எடுத்துவந்தார். மூடிய கை அளவுதான். திறந்தால் உள்ளே நாலு அறை.

"இது உடம்பு முழுக்க ரத்தம் அனுப்புது. ஆனா இந்தத் தசைக்கும் ரத்தம் வேணும் இல்லையா? அதுக்குத் தனியா குழாய் இருக்கு. இதோ, மேலயே படர்ந்து போகுது பாருங்க. அதுல ஒண்ணு சுருங்கியிருக்கும்னு தோணுது. சும்மா இருக்கும்போது தெரியாது. ஓடும்போது தசை அதிகமா கேக்கும், குழாயால குடுக்க முடியாது."

மாமாவுக்குச் சட்டென்று விளங்கிவிட்டது.

"ஆமாங்க, தண்ணி லைனாட்ட. பைப்புல உப்புப் பிடிச்சுதுன்னா பண்ணை முச்சூடும் தண்ணி போவும். கடைசி வரிசைக் கோழிக்கு மட்டும் சொட்டுத்தான் வரும். அது கம்முனு நின்னுட்டே இருக்கும். திடீர்னு சுருண்டுரும்."

"ரொம்பச் சரி. அதனால சீக்கிரம் ஆஞ்சியோகிராம் பாத்துரணும். தள்ளிப்போடக் கூடாது."

"பாவமுங்க அவரு" என்றார் மாமா, உண்மையான துக்கத்தோடு.

"யாரு?"

"அதானுங்க... நானு."

பதிவு செய்திருந்த நம்பருக்கு நானே பேசுகிறேன் என்றார் டாக்டர். அது அம்மாவின் நம்பர்.

பட்டறைக்குத் திரும்பியதும் மாமா அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது.

"மாப்ள, உம்பட ரிப்போர்ட்டு சரியில்லடா. மனசத் தேத்திக்கோ."

"எம்பட ரிப்போர்ட்டா? ஓடுனது நீயிடா."

"ஓடுனது நானு. பேரு உன்றது."

அப்பா மாமாவை ஒரு சுற்று சுற்றிப் பார்த்தார். பிறகு அப்பா தீர்ப்புச் சொன்னார். "மெஷின்ல கோளாறு. உன்ற பாடிக்கு இப்படி வர வழியே இல்ல." மாமா நிம்மதியாகப் பெருமூச்சு விட்டு, பண்ணைக்குக் கிளம்பிப் போனார். நானும் நிம்மதியானேன். அந்தப் பட்டறையில் அன்றைக்கு மூன்று பேர் இருந்தோம். மூளை ஒன்றுகூட இல்லை.

வீட்டுக்குப் போனால் அம்மா வாசலிலேயே நின்றாள். அழவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"டாக்டர் பேசுனாங்க. இனி நான் சொல்றதுதான் சோறு."

அன்றிலிருந்து ஓட்ஸ். காலையில் ஓட்ஸ் கஞ்சி. மத்தியானம் சுரைக்காய். ராத்திரி கொள்ளு ரசம், அதுவும் உப்பு என்ற சொல்லைக் கேள்விப்படாத கொள்ளு ரசம். முட்டை ஊரிலிருந்துகொண்டு மஞ்சள் கருவைப் பார்க்க முடியாமல் போனது அப்பாவுக்கு. பட்டறையில் மூத்த தச்சர் மாரியப்பன் சுத்தியலைக் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டார்: "நீங்க ஒக்காருங்க முதலாளி, அம்மா சொல்லியிருக்காங்க." சொந்தபந்த ஒறம்பரை ஜனம் ஆப்பிளும் ஹார்லிக்ஸுமாக வந்து, அப்பாவைச் சுவரில் மாட்டிய போட்டோவைப் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டுப் போனது. என் அத்தை ஒருத்தி, "அண்ணன் இருக்கறப்பவே ஒரு வார்த்த பேசீரலாம்னு வந்தனுங்க" என்றாள்.

இது என் இதயம் இல்லை என்று சொல்ல அவருக்கு வாய் இல்லை. சொன்னால் டயர் மாற்றிய கதை வெளியே வரும்.

இதற்கு நடுவில் ஒருநாள் அம்மாவும் மாமாவின் மனைவி ராசாத்தி அத்தையும் சேலை எடுக்க சேலம் செவ்வாய்ப்பேட்டைக்குப் போனார்கள். அதே சமயம் மாமாவும் தீவனம் பார்க்க சேலம் போயிருப்பதாகத் தகவல். அம்மா மறுநாள் திரும்பினாள். கையில் ஒரு பை இல்லை. செவ்வாய்ப்பேட்டைக்குப் போன பெண் வெறும் கையோடு வருகிறாள் என்றால் அங்கே ஏதோ பெரிதாக நடந்திருக்கிறது என்று ஒரு கணவன் யோசிக்க வேண்டாமா? அப்பா சுரைக்காயைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தார்.

அடுத்த வாரம் மாமாவே ஆரஞ்சுப் பழத்தோடு வந்தார். கொளுத்துகிற வெயிலில் முழுக்கைச் சட்டை, மணிக்கட்டு வரை பட்டன்.

"எப்படி மாப்ள இருக்கற? மூச்சு வாங்குதா?"

"டேய், நீயுமா."

"ஆருக்கு எப்ப என்ன ஆகும்னு சொல்ல முடியுமா? சூதானமா இரு."

மாமா போனபின் அப்பா வாசல் கேட்டையே பார்த்தார். "வளவா, இவன் நடந்து வந்தானா, வண்டியில வந்தானா?"

"வண்டிங்கப்பா."

"மூச்சு கீச்சு வாங்குச்சா?"

"கவனிக்கலீங்களே. ஏனுங்கப்பா?"

"ஒண்ணுமில்ல."

அந்த 'ஒண்ணுமில்ல'வை நான் நிறைய தடவை மிமிக்ரி செய்து பார்த்தேன். வரவே இல்லை. அதற்குள் ஏதோ இருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை எருமப்பட்டியில் மாமா வீட்டு கிடா விருந்து. கோயில் பந்தலில் வரிசையாக இலை. கறிக் குழம்பு வாசம் சாலை வரை வந்து கையைப் பிடித்து இழுத்தது. அப்பா இலைக்கு முன்னால் உட்கார்ந்தார். அம்மா பையிலிருந்து டிபன் கேரியரை எடுத்தாள். திறந்தாள். ஓட்ஸ்.

இடது பக்கம் இருந்தவர் எலும்பை உறிஞ்சிக்கொண்டே கேட்டார், "என்னதுங்க அது, பசையா?"

அப்பா தலையைத் தூக்கவில்லை. எனக்குச் சிரிப்பு வந்தது. அப்போதுதான் மாமாவைப் பார்த்தேன். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பந்தல் ஓரத்தில் இருந்த பெரிய அண்டாவின் பக்கம் போனார். நாலு ஆள் தூக்குகிற அண்டா. குனிந்து காதைப் பிடித்தார்.

அப்பாவும் பார்த்தார். கையிலிருந்த கரண்டி விழுந்தது.

"சின்னு, அதத் தொடாத."

மாமா காதில் விழாதது மாதிரி மூச்சை இழுத்துப் பிடித்தார்.

அப்பா எழுந்தார். இலையைத் தாண்டினார். இரண்டாவது இலையைத் தாண்டவில்லை, மிதித்தார். ரசம், பாயசம், யாரோ ஒருவரின் கறி எல்லாவற்றின் மேலும் ஓடினார். டிரெட்மில்லுக்குப் பயந்த மனிதர் பந்தலின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை ஓடிப்போய் மாமாவின் கையைப் பிடித்து இழுத்தார்.

"தூக்காதடா. அந்த டெஸ்டு உன்றது. அடைப்பு உனக்குடா. எம்பட பேருல ஓடுனது நீ. மெஷினு சரியாத்தான் சொல்லுச்சு. எனக்கு அப்பவே மனசுல பட்டுது. சொன்னா மாத்தி ஓடுனது தெரிஞ்சுருமேன்னு வாய மூடிக்கிட்டேன். உன்னையச் சாவ வுட்டுட்டு நான் ஓட்ஸ் குடிச்சுட்டு ஒக்காந்திருந்தன்டா."

பந்தலில் அப்பளம் நொறுங்குகிற சத்தம்கூட இல்லை. அப்பாவின் வேட்டியில் பாயசம் வழிந்துகொண்டிருந்தது. ராசாத்தி அத்தைதான் முதலில் பேசினாள்.

"தெரியுமுங்கண்ணா."

"என்ன தெரியும்?"

மாமா முழுக்கைச் சட்டையின் பட்டனைக் கழற்றி மடித்தார். மணிக்கட்டில் மஞ்சளும் நீலமுமாகக் கன்றிப்போன தடம்.

"இது வழியாத்தான் கொளாயி வுட்டாங்க மாப்ள. சேலத்துல. ஒரு ஸ்டென்டு வெச்சாச்சு. எம்பட இலையில இருக்கறது காளான்."

"அப்ப அண்டா?"

"தூக்கறதுக்கா வந்தன்? சும்மா புடிச்சன். நீ எப்ப எந்திரிப்பேன்னு ஆரஞ்சுப் பளம் குடுத்த நாள்ல இருந்து பாத்துட்டிருக்கறன். எந்திரிக்காமயே போயிருவியோன்னு பயந்துட்டன்டா."

அப்பா அம்மாவின் பக்கம் திரும்பினார். அம்மா டிபன் கேரியரை மூடிக்கொண்டிருந்தாள்.

"உனக்கு எப்பத் தெரியும்?"

"டெஸ்டு முடியறதுக்கு முன்னாலயே. போனுல."

"வளவன் நல்லாத்தான பேசுனான்?"

"கொரலு நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா 'நீ சாப்ட்டியா'ன்னு கேட்டான்." அம்மா கிளிப்பை அழுத்தினாள். "கல்யாணமாகி இத்தன வருஷத்துல நீங்க அதக் கேட்டதில்லீங்களே. அதான், ஆரோ வேற ஆளுன்னு தெரிஞ்சுது. உங்களுக்காவ ஓடறதுக்கு சின்னு அண்ணன வுட்டா ஆரு இருக்கா? டாக்டர் பேசி முடிச்சதும் ராசாத்தி அண்ணிக்குத்தான் போன் போட்டன். 'உங்கூட்டுக்காரரு நெஞ்சுல வயரு ஒட்டுன தடம் இருக்குதான்னு பாருங்க'ன்னு சொன்னன்."

அத்தை தலையாட்டினாள். "இவரு தனக்குன்னா ஆசுபத்திரி வாசப்படி மிதிக்க மாட்டாருங்கண்ணா. நீங்க கூப்புட்டதாலதான் போனாரு. அதுக்கு உங்களுக்குக் கும்புடு போடோணும். மத்ததுக்கு என்ன போடறதுன்னு அண்ணிதான் சொல்லோணும்."

அந்த அண்ணி, அதாவது என் அம்மா, சொன்னாள். "ஓட்ஸு போட்டாச்சுங்க."

பந்தல் சிரித்தது. அப்பா சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை. அப்பாவின் குரலில் அன்பாக ஒரு வார்த்தை பேசியதால் மாட்டிக்கொண்டோம் என்பதை நினைக்க நினைக்க எனக்கு உச்சி வரை சூடாக இருந்தது. அப்பா என்னிடம் மெதுவாகக் கேட்டார்: "சாப்ட்டியான்னா கேட்ட? நானா?"

மறுநாள் காலை வெறும் வயிற்றோடு அப்பா ஸ்கேன் சென்டரில் உட்கார்ந்திருந்தார், சொந்த டயரோடு. அம்மா ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். "அன்பழகன்" என்று கூப்பிட்டார்கள். டாக்டர் தனப்பிரியா அப்பாவை மேலும் கீழும் பார்த்தார்.

"போன தடவ வந்தப்ப ஒல்லியா இருந்தீங்களே."

அப்பா தரையைப் பார்த்துக்கொண்டே பட்டையில் ஏறினார். ஓடினார். கறியை மிதித்து ஓடிய அளவுக்கு வேகம் இல்லை, ஆனாலும் ஓடினார். கோடுகள் சீராக வந்தன. வந்ததும் எடுத்த ரத்தத்தில் கொழுப்பும் எல்லைக்குள் இருந்தது. பிரஷருக்கு மட்டும் ஒரு மாத்திரை.

அப்பாவுக்கு உயிர் வந்தது. "பாத்தியா புள்ள. அன்னிக்கே காஸுன்னு சொன்னன்."

"அன்னிக்கு காஸா இருந்திருக்கலாம்" என்றார் டாக்டர். "உங்க அண்ணன் கதைய உங்க வீட்டம்மா சொன்னாங்க. அடுத்த தடவ காஸா இல்லையான்னு நாங்க சொல்றோம். நீங்க முடிவு பண்ணாதீங்க. சரி, இப்ப கொஞ்ச நாளா என்ன சாப்பிடுறீங்க?"

விடுதலை நெருங்குகிற குரலில் அப்பா ஒவ்வொன்றாகச் சொன்னார். ஓட்ஸ், சுரைக்காய், உப்பில்லாத கொள்ளு ரசம். சொல்லச் சொல்ல அவர் கண்ணே கலங்கிவிட்டது. டாக்டர் பேனாவை மூடினார்.

"ரொம்ப நல்லது. ஆயுசு முழுக்க இதையே சாப்பிடுங்க."

"ஆகட்டுங்க டாக்டர்" என்றாள் அம்மா.

வெளியே வந்தோம். அம்மா முன்னால் நடந்தாள். நானும் அப்பாவும் பின்னால். ஆட்டோ ஸ்டாண்டு வரைக்கும் அப்பா எதையோ மென்று விழுங்கிக்கொண்டே வந்தார். கடைசியில் தொண்டையைச் செருமிக்கொண்டு, ஜல்லிக் குரலில், நெளிந்துகொண்டே கேட்டார்:

"மைதிலி, நீ சாப்ட்டியா?"

அம்மா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"வளவா, வாய மூடீட்டு வாடா."